த்ரீ நாட் த்ரீ கட்சியும் எஸ்.எல்.ஆர். கட்சியும்

துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருப்பவன் தோட்டாவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. காதுக்கு மட்டும் ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டால் போதும். ரேடியோ, கடிகாரம், பம்ப்செட் என்று ரிப்பேர் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். வேலை கொண்டு வருகிறவர் எப்போதாவது வருவார். பேச வருகிறவர் தினமும் வருவார்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவன், அதாவது ஆயுதங்களைப் பழுது பார்க்கிறவன். ஓய்வு பெற்று வந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் வடக்கு ரத வீதிப் பக்கம் லைசென்ஸ் வாங்கிக் கடை போட்டேன். கடைக்கு வருவது பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும் ட்வெல்வ் போர் துப்பாக்கிகளும், குழல் வழியாக மருந்து கெட்டிக்கும் கிழட்டுத் துப்பாக்கிகளும்தான். ஆனால் கடையில் நடக்கும் பேச்சு முழுக்க ராணுவ ரைஃபிள்கள் பற்றியது. அவற்றில் ஒன்றைக்கூட இந்தத் தாலுகாவில் எவரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் விடாது. அதனால்தானோ என்னவோ, பேச்சுக்கு அளவே இல்லை.

யார் பெரியவர்?

என் கடை பெஞ்சில் இரண்டு கட்சிகள். த்ரீ நாட் த்ரீ கட்சிக்குத் தலைவர் சுபேதார் அண்ணாச்சி. வாசுதேவநல்லூர்க்காரர், இங்கே மகள் வீட்டில் இருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டாளத்தில் சேர்ந்தவர். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய பழைய ரைஃபிளோடு பர்மா வரை போய் வந்தவர். எஸ்.எல்.ஆர். கட்சிக்கு ஹவில்தார் சங்கரபாண்டி. பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இவர் காலத்தில் எஸ்.எல்.ஆர். வந்துவிட்டது. அது தோட்டா வெடிக்கும்போது வரும் புகையின் வேகத்திலேயே அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை அழுத்துவது மட்டும்தான் நம் வேலை.

"கையால தள்ளினாத்தான்வே ஒவ்வொரு தோட்டாவையும் யோசிச்சுச் சுடுவான்" என்பார் சுபேதார். "நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள எதிராளி உங்களுக்குக் கருமாதி முடிச்சிருவான் அண்ணாச்சி" என்பார் சங்கரபாண்டி. பிறகு இருவரும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஸ்பிரிங்கைத் தேடுகிற மாதிரி பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிடுவேன். ஆனாலும் இவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று இரண்டு பாம்புகள் சண்டை போட்டதால் கோவில் ஏற்பட்ட ஊர் இது. ஒருநாள் இதையே சொல்லி, அரியும் சிவனும் ஒன்று என்று அம்பாள் தவமிருந்து பார்த்த ஊரில் இந்தச் சண்டை எதற்கு என்று கேட்டேன். சுபேதார் பொடி டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: "சாமி விஷயத்துல ஒத்துப்போகலாம்வே, ரைஃபிள் விஷயத்துல எப்படி ஒத்துப்போறது?"

பஸ் ஏறாத நாயக்

இந்த இரண்டு கட்சியிலும் சேராமல் பெஞ்சின் ஓரத்தில் ஒருவன் வந்து உட்காருவான். பெயர் மாடசாமி. நாயக் பதவியில் விலகி வந்தவன், ஊர் இளையரசனேந்தல் பக்கம். மானாவாரியில் பருத்தியும் கம்பும் போடுகிறான். பேசவே மாட்டான். எஸ்.எல்.ஆர். மணலில் சுடாமல் நின்றுபோகுமா போகாதா என்ற கட்டத்துக்கு விவாதம் வந்தால் மட்டும் தலை நிமிரும்.

அவன் கதையை சங்கரபாண்டிதான் சொன்னார். எழுபத்தொன்று யுத்தத்தில் மாடசாமி ராஜஸ்தான் மணலில் இருந்தான். அவனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவன் குருசாமி, பக்கத்து வீட்டுக்காரன். ஒரு விடியற்காலையில் குருசாமி முன்னால் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. எதிராளி தலை தூக்காதபடி பின்னாலிருந்து மாடசாமி சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்பித்த உடனேயே இவன் எஸ்.எல்.ஆர். நின்றுபோயிற்று. இவன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே குருசாமி மேல் குண்டு பாய்ந்துவிட்டது. செய்தி இவனுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. சோம்பேறி, துப்பாக்கியைத் துடைக்காமல் வைத்திருந்தான் என்று ஊர் முடிவு கட்டியது. குருசாமியின் அப்பா ராமையாவும் அப்படியே நம்பினார். இவனுக்கு மாமா முறை அவர். அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இவன் ஏறுகிற பஸ்ஸில் அவர் இருந்தால் உடனே இறங்கிவிடுவார். வயசானவர் வெயிலில் நிற்கிறாரே என்று, அவர் இருக்கிற பஸ்ஸில் இவன் ஏறுவதையே விட்டுவிட்டான்.

நீ எப்படித்தான் ஊருக்குப் போவாய் என்று நான் ஒருமுறை கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "மாமா எந்த வண்டியில போறாருனு பாத்துக்கிட்டு அடுத்த வண்டிக்கு நிப்பேன் அண்ணாச்சி."

பன்றிக்கு எது நல்லது?

ஒருநாள் தோட்டாக்களைப் பற்றிப் பெரிய தர்க்கம். த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு அடிப்பக்கம் விளிம்பு துருத்திக்கொண்டு இருக்கும். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். அவசரத்தில் மாற்றி வைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வராது. எஸ்.எல்.ஆருக்குப் போடும் செவன் சிக்ஸ் டூவில் அந்த விளிம்பு கிடையாது, வழுக்கிக்கொண்டு ஏறும். "ஒழுங்கா அடுக்கத் தெரியாதவன் பட்டாளத்துக்கு எதுக்குவே வாரான்?" என்று சுபேதார். "குண்டு பறக்கிற இடத்துல தாம்பாளத்துல வெத்தில அடுக்குத மாதிரி அடுக்கச் சொல்லுதிய" என்று சங்கரபாண்டி. தூரம், துளைப்பு, தோளில் விழும் உதை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. டீ வந்தது, டம்ளர் காலியானது, மறுபடி டீ வந்தது.

பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு விவசாயி காலையிலேயே வந்து, சாக்கில் சுற்றிய ட்வெல்வ் போரை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நிலக்கடலையைப் பன்றி தோண்டித் தின்கிறது, துப்பாக்கிக் குதிரையின் ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று வந்தவர். எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருவர் வலது காதிலும் ஒருவர் இடது காதிலும் பேசினால் கை எங்கே ஓடும்? கடைசியில் அந்த மனிதர் எழுந்து சுபேதாரைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயா, நீங்க சொல்லுத ரெண்டும் நல்ல துப்பாக்கிதான். அதை விளக்கி முடிக்கதுக்குள்ள எங் கடலையைப் பன்னி முடிச்சிரும், இவரை வேலை பாக்க விடுங்க."

பாதிக்குப் பாதி

கருவூலத்தில் காவல் நிற்கும் ஒரு போலீஸ்காரர் டியூட்டி முடிந்து வந்தார். துப்பாக்கியைக் கொண்டு வரவில்லை. கொண்டு வந்தால் அவர் வேலையும் போகும், என் லைசென்ஸும் போகும். வாயால்தான் விவரித்தார். பார்த்தால் த்ரீ நாட் த்ரீ மாதிரியே இருக்கிறதாம், போல்ட்டைக் கையால்தான் இழுக்க வேண்டுமாம், ஆனால் தோட்டா மட்டும் செவன் சிக்ஸ் டூவாம். எனக்குப் புரிந்துவிட்டது. பழைய உடம்பில் புதுத் தோட்டா போடுகிற மாதிரி செய்த ரைஃபிள். நல்ல உழைப்பாளி. நான் ஆசையாகச் சொன்னேன்: "இதோ சங்கரநாராயணர் வந்துவிட்டார். பாதி இவர், பாதி அவர். இனிமேலாவது சண்டையை விடுங்கள்."

விடுவார்களா? தோட்டாவை மாற்றியதால் அது தன் கட்சி இல்லை என்றார் சுபேதார். கையால் இழுப்பதால் தன் கட்சியும் இல்லை என்றார் சங்கரபாண்டி. அந்த நல்ல ரைஃபிளைத் தாயாதிக் கடன் மாதிரி ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டார்கள். அதுவரை இருவரும் ஒரே பக்கம் நின்று பேசி நான் பார்த்ததில்லை. போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "நான் சர்வீஸ்ல இதுவரைக்கும் ஒரு பயலையும் சுட்டது கிடையாது அண்ணாச்சி, தோள்பட்டைதான் கழண்டு போகுது, இதுல எது கனம் கம்மினு மட்டும் சொல்லுங்க."

லொடலொட

எழுபத்தொன்று யுத்தத்தில் கிழக்குப் பக்கம் பிடிபட்ட சீன ரைஃபிள்களை நான் ராணுவ டிப்போவில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தோட்டா குட்டை. கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே லொடலொட என்று சத்தம் வரும். முதலில் பார்த்தபோது பழுது என்று நினைத்து ஓரமாக வைத்தேன். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பிறகுதான் தெரிந்தது, பாகங்களுக்கு நடுவில் வேண்டுமென்றே இடம் விட்டிருக்கிறார்கள். மண் போனால் போன வழியே வெளியே வந்துவிடும். தூரத்தில் குறி எஸ்.எல்.ஆர். அளவுக்கு வராது. ஆனால் சேற்றில் கிடந்ததை எடுத்துச் சுட்டாலும் சுடும். இதை நான் தெரியாத்தனமாகக் கடையில் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஆட்டினா சத்தம் வருதது துப்பாக்கியாவே? அது உண்டியல்" என்றார் சுபேதார். சங்கரபாண்டிக்கு அதைவிடக் கோபம், அவர் ரைஃபிளைக் குறைத்துச் சொல்லிவிட்டேனாம். எஸ்.எல்.ஆர். நெருக்கமாகச் செய்த பொருள், அதனால்தான் குறி பிசகாது, அதனாலேயே மணலில் கொஞ்சம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், துடைத்து உலர்வாக வைத்தால் அதுவும் ஓடும் என்று சமாதானம் சொன்னேன். அப்போதுதான் பெஞ்சின் ஓரத்திலிருந்து மாடசாமியின் குரல் வந்தது. அவன் கடையில் கேட்ட முதல் கேள்வி அதுதான். "உலர்வானா, எண்ணெயே போடக்கூடாதா அண்ணாச்சி?"

எண்ணெய்

மறுநாள் கடை திறக்கும்போதே மாடசாமி நின்றிருந்தான். கட்சிக்காரர்கள் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஆர்மரர் கேட்கிற கேள்வியையே கேட்டேன். உன் ரைஃபிளைத் துடைக்காமல் வைத்திருந்தாயா? இல்லை. எண்ணெய் போட்டிருந்ததா? போட்டிருந்தது. எவ்வளவு? தொட்டால் விரலில் வழிகிற அளவு. எனக்கு மேற்கொண்டு கேட்கவே தேவையில்லை. மழை பெய்துகொண்டே இருக்கும் மலைக்காட்டில் துரு ஏறாமல் இருக்க எண்ணெயைத் தாராளமாகப் போடுவார்கள். அதே கையோடு மணல் தேசத்துக்கு வந்து அப்படியே போட்டால், பறக்கிற மணல் எல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். குளிரில் எண்ணெயும் இறுகும். நல்ல துப்பாக்கி, நன்றாகத் துடைத்த துப்பாக்கி, பாசம் அதிகமாகி நின்றுபோகும். ஏனப்பா இப்படிப் போட்டாய் என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவர்கள் குழியில் ஒரு பழக்கம். அவனவன் ஆயுதத்தை அவனவன்தான் துடைக்க வேண்டும் என்பது பட்டாளத்துச் சட்டம். ஆனால் இவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவன் போய் இரண்டு பேருக்கும் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு வருவான், மற்றவன் இரண்டு ரைஃபிளையும் துடைத்து வைப்பான். முந்தின சாயங்காலம் மாடசாமி சாப்பாட்டுக்குப் போயிருந்தான். துடைத்து எண்ணெய் போட்டது குருசாமி. மலைக்காட்டிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம் அவனுக்கு.

இத்தனை வருஷம் ஊர்ப் பேச்சை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பஸ் காத்து நின்றவன், இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, மகன் செத்தது மகன் கையால்தான் என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது என்றான். பட்டாளத்துச் சட்டப்படி நான்தானே துடைத்திருக்க வேண்டும் என்றான். வாசலில் சுபேதாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாக எழுந்தான். "மாமா என்னிக்காவது உங்ககிட்ட வந்து கேப்பாரு. பழியத் தூக்கி துப்பாக்கி மேல போட்டுருங்க அண்ணாச்சி, அதுக்கென்ன அப்பனா, அம்மையா?"

தீர்ப்பு

குருசாமியின் அப்பா ராமையா ஒருநாள் வந்தே விட்டார். சந்தைக்கு வந்தவர், கையில் புதுத் தாம்புக்கயிறு. இரண்டு கட்சியும் பெஞ்சில் நிறைந்திருந்த நேரம். மாடசாமி நல்லவேளையாக இல்லை. பெரியவர் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேட்டார். "தம்பி, பட்டாளத்துல துப்பாக்கிக்கு வைத்தியம் பாத்தவரு நீங்கதானாம. மணல்ல அது நின்னுபோச்சுனு சொல்லுதாவோ. துப்பாக்கி சரியில்லாம நின்னுச்சா, வச்சிருந்தவன் சரியில்லாம நின்னுச்சா?"

எஸ்.எல்.ஆரை நான் ஆயிரக்கணக்கில் பிரித்து மாட்டியவன். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. புகையின் வேகம் குறைந்தால் கூட்டிக்கொள்ள அதிலேயே ஒரு திருகு இருக்கிறது, உலர வைத்தால் மணலிலும் ஓடும், இதெல்லாம் என் தொழில் உண்மை. எதிரே நிற்பவர் பிள்ளையைக் கொடுத்தவர். "மணலுக்கு ஆகாத துப்பாக்கி, பெரியவரே" என்றேன். "தொடச்சு வச்சாலும் நிக்குமா?" என்று கேட்டார். "துடைத்து வைத்தாலும் நிற்கும்" என்றேன். என் வாழ்க்கையில் இப்படிக் கூசாமல் பொய் சொன்னதில்லை. சங்கரபாண்டி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை, வீட்டில் சோறு போட்டவனைத் திருடன் என்று சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார். ராமையா கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, படியிறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்பக்கூட இல்லை, சுபேதார் பெஞ்சைத் தட்டினார். "கேட்டியாவே சங்கரபாண்டி, ஆர்மரரே சொல்லிட்டாரு, இனி அப்பீல் கிடையாது!"

அன்று முதல் அந்தத் தீர்ப்பு தாலுகா முழுக்கச் சுற்றியது. பட்டாளத்துக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் என் பெயரைச் சொல்லி எஸ்.எல்.ஆரைக் கழித்துக்கட்டினார்கள். தெரிந்தவர்கள் வந்து சண்டை பிடித்தார்கள். இவன் ஆர்மரரா, அடுப்படியில் வேலை பார்த்தவனா என்று ஒருவர் கடை வாசலிலேயே நின்று கேட்டார். சங்கரபாண்டி பெஞ்சுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன், பம்பை எடுத்துக் கையில் கொடுத்தார், நீயே அடித்துக்கொள் என்கிற மாதிரி. மாடசாமி விஷயத்தை நான் எப்படி அவரிடம் சொல்வது? பம்பைத் திருப்பிக் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "நீங்க த்ரீ நாட் த்ரீ கட்சினு முதல்லயே சொல்லியிருந்தா இத்தன நாளா உங்ககிட்ட நியாயம் கேட்டிருக்க மாட்டேன் அண்ணாச்சி."

ஒரே பஸ்

அடுத்த சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தேன். இளையரசனேந்தல் வழியாகப் போகும் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் ராமையா உட்கார்ந்திருந்தார். கீழே, கொஞ்சம் தள்ளி, மாடசாமி அடுத்த வண்டிக்காக நின்றுகொண்டிருந்தான். கண்டக்டர் விசில் கொடுக்கப் போனார். பெரியவர் பக்கத்து இடத்தில் இருந்த சாக்கை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே பார்க்காமலே, "ஏலே, ஏறுலே" என்றார். மாடசாமி சுற்றுமுற்றும் பார்த்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தான் போல. பிறகு ஓடி ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்தவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாக்கின் மேல் வைத்தான். அவர் தள்ளிவிடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். போன மானமெல்லாம் போகட்டும் என்று தோன்றியது.

பெரியவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார். சிரித்தார் என்றே சொல்ல வேண்டும். மாடசாமியின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, அவனுக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னார்: "துப்பாக்கி மேல தப்பு, இவன் மேல இல்ல, சரிதான். ஆனா ஒண்ணு தம்பி, எம் மவன் கையால ஒரு சொட்டு எண்ணெ அதுல பட்டிருந்திச்சுனு வைங்க, எந்த மணல்லயும் அது நின்னிருக்காது." பஸ் நகர்ந்தது. மாடசாமி என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னது சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. "நின்னிருக்காது மாமா."

எடை, தூரம், குறி, உழைப்பு என்று எல்லாவற்றையும் ஆயுசு முழுக்க ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் கண்ட முடிவு, பழியைத் தாங்குவதில் மட்டும் எஸ்.எல்.ஆரை அடித்துக்கொள்ள இன்னொரு ரைஃபிள் கிடையாது என்பதுதான்.